உங்களுக்குத் தெரியுமா? ஒரே தீவு, இரண்டு பச்சைச் சட்டை

அயர்லாந்துத் தீவில் ரக்பிக்கு ஒரே அணி. கிரிக்கெட்டுக்கும் ஒரே அணிதான். கால்பந்துக்கு மட்டும் இரண்டு: டப்ளினில் அயர்லாந்துக் குடியரசு, பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்து. 2022 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை சுமார் 51 லட்சம். வடக்கில் சுமார் 19 லட்சம். இருவரும் இதுவரை உலகக் கோப்பையை வென்றதில்லை. யூரோ கோப்பையையும் தொட்டதில்லை. ஆனால் துணுக்கு சேர்ப்பவர்களுக்கு இவர்களைப் போல் தீனி போடும் அணிகள் குறைவு. காரணம், யார் அயர்லாந்துக்காரர், யார் எந்த அணிக்கு ஆடலாம், எந்த ஆட்டத்தை ஆடலாம் என்று அங்கே காலந்தோறும் யாராவது ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்தார்கள். யாராவது அதைத் தாண்டிக்கொண்டே இருந்தார்கள்.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

● பெல்ஃபாஸ்டில் ஐரிஷ் கால்பந்துச் சங்கம் தொடங்கியது 1880-ல். உலகின் நான்காவது பழைய கால்பந்துச் சங்கம் அது. நாடு பிரிந்த காலத்தில், 1921-ல், டப்ளின்காரர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். அதன்பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள், 'முழுத் தீவுக்கும் நாங்கள்தான் அயர்லாந்து' என்று இரண்டு சங்கங்களுமே சொல்லிக்கொண்டன. இருவரும் தீவின் எந்த மூலையிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

● விளைவு? 1946 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்டில் இங்கிலாந்து 7-2 என்று ஓர் அயர்லாந்தைத் தோற்கடித்தது. இரண்டே நாள் கழித்து, 30-ம் தேதி, டப்ளினில் 1-0 என்று இன்னோர் அயர்லாந்தைத் தோற்கடித்தது. ஜானி கேரி, பில் கார்மன் இருவரும் இரண்டு ஆட்டத்திலும், இரண்டு அயர்லாந்துக்காகவும் ஆடித் தோற்றார்கள்.

● அதே ஜானி கேரி அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் பிரிட்டனை எதிர்த்து ஆடிய 'மீதி ஐரோப்பா' அணிக்குக் கேப்டன்.

● 1950 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. கான் மார்ட்டின், டேவி வால்ஷ், டாம் அஹர்ன், ரெக் ரயன் ஆகிய நால்வர் ஒரே உலகக் கோப்பையின் தகுதிச் சுற்றில் இரண்டு நாடுகளுக்காக ஆடினார்கள். பிறகுதான் ஃபிஃபா தலையிட்டது. அவரவர் எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றானது.

● வட அயர்லாந்தின் இன்றைய பச்சைச் சட்டை ஆதியிலிருந்தே வந்ததல்ல. 1931 வரை பெல்ஃபாஸ்ட் சங்கத்தின் அணி ஆடியது நீலத்தில்.

● 1973 ஜூலை 3 அன்று டப்ளினில் பிரேசிலை எதிர்த்து இரு பக்கத்து வீரர்களும் ஒரே அணியாக இறங்கினார்கள். 'அகில அயர்லாந்து' என்று பெயர் வைக்க பெல்ஃபாஸ்ட் சங்கம் ஒப்பவில்லை. ஆகவே டப்ளின் கிளப் ஒன்றின் பெயரைக் கடன் வாங்கி 'ஷாம்ராக் ரோவர்ஸ் பதினொருவர்' என்று ஆடினார்கள். பிரேசில் 4-3 என்று ஜெயித்தது. உலகச் சாம்பியன் பட்டத்தை அப்போது கையில் வைத்திருந்த அணிக்கு மூன்று கோல் போட்ட அந்த 'நாடு' எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

● டெர்ரி நகரம் இருப்பது வட அயர்லாந்தில். ஆனால் டெர்ரி சிட்டி கிளப் 1985 முதல் குடியரசின் லீகில் ஆடுகிறது. அந்த ஊரில் பிறந்த ஜேம்ஸ் மெக்லீன், வட அயர்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். பெரியவர்களுக்கான அணி என்று வந்தபோது குடியரசைத் தேர்ந்தெடுத்து 103 ஆட்டம் ஆடி முடித்தார்.

பெனால்டி யார் பெற்ற பிள்ளை?

● பெல்ஃபாஸ்ட் அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1882 பிப்ரவரி 18-ல், இங்கிலாந்துக்கு எதிராக. முடிவு 0-13. அவர்களுடைய மிகப் பெரிய தோல்வி இன்றுவரை அதுதான். இங்கிலாந்தின் மிகப் பெரிய வெற்றியும் அதுதான்.

● கால்பந்தில் பெனால்டி என்ற தண்டனையைக் கண்டுபிடித்தவர் ஆர்மா மாவட்டம் மில்ஃபர்ட் கிராமத்து கோல்கீப்பர் வில்லியம் மெக்கிரம். கோல் வாங்கப்போகும் நேரத்தில் தடுப்பாட்டக்காரர்கள் எதிரியின் காலை வாரிவிடுவதைப் பின்னாலிருந்து பார்த்துச் சலித்தவர். ஐரிஷ் சங்கம் 1890-ல் இந்த யோசனையை முன்வைத்தபோது, கண்ணியவான்கள் வேண்டுமென்றே தவறு செய்வார்களா என்று இங்கிலாந்தில் முகம் சுளித்தார்கள். 'ஐரிஷ்காரன் தீர்மானம்' என்று கேலி வேறு. 1891 ஜூன் மாதம் அது விதியாகிவிட்டது. தனக்கு எதிராகத் தானே விதி கேட்டு வாங்கிய கோல்கீப்பர் வேறு யாரும் இருக்க முடியாது.

● கால்பந்து விதிகளை மாற்றும் சர்வதேச வாரியத்தில் மொத்தம் எட்டு ஓட்டு. ஃபிஃபாவுக்கு நான்கு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு ஆளுக்கு ஒன்று. அதாவது விதி விஷயத்தில் பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் தனியாக இல்லாத ஓட்டு, 19 லட்சம் பேர் வாழும் வட அயர்லாந்துக்கு உண்டு.

முந்திக்கொண்டவர்கள்

● டப்ளின் அணியின் முதல் ஆட்டமே ஒலிம்பிக்கில். 1924, பாரிஸ். பல்கேரியாவை 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் பேடி டங்கன். கால் இறுதியில் நெதர்லாந்திடம் கூடுதல் நேரத்தில் 1-2 தோல்வி.

● 1934 பிப்ரவரியில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பெல்ஜியத்துடன் 4-4 டிரா. அயர்லாந்தின் நான்கு கோலும் பேடி மூர் என்ற ஒரே ஆளுடையவை. தகுதிச் சுற்றையும் சேர்த்துக்கொண்டால், உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் நான்கு கோல் அடித்த முதல் மனிதர் அவர்.

● இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வீழ்த்திய முதல் வெளிநாட்டு அணி எது என்று கேட்டால் பலரும் 1953-ன் ஹங்கேரியைச் சொல்வார்கள். வெம்ப்ளியில் 6-3 என்ற அந்த ஆட்டம் அவ்வளவு பிரபலம். ஆனால் அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1949 செப்டம்பர் 21-ல், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் அயர்லாந்து 2-0 என்று ஜெயித்துவிட்டது. முதல் கோல் கான் மார்ட்டினின் பெனால்டி. இரண்டாவது பீட்டர் ஃபேரல் போட்டது. ஃபேரலுக்கு அது அயல் மைதானமே இல்லை. அவர் எவர்ட்டன் வீரர், குடிசன் பார்க் அப்போது எவர்ட்டனின் வீடு.

● 1966 உலகக் கோப்பைக்கான தகுதிப் பிரிவில் சிரியா விலகிக்கொள்ள, அயர்லாந்தும் ஸ்பெயினும் மட்டும் மிஞ்சின. டப்ளினில் அயர்லாந்து 1-0. செவியாவில் ஸ்பெயின் 4-1. கோல் வித்தியாசம் அப்போது கணக்கில்லை, மூன்றாவது ஆட்டம் வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் நிறைந்த லண்டனில் ஆடலாம் என்ற பேச்சு இருந்தது. கடைசியில் ஆட்டம் பாரிஸுக்குப் போனது. டிக்கெட் வசூலில் ஸ்பெயினின் பங்கையும் வாங்கிக்கொண்டு டப்ளின் சங்கம் இடத்தை விட்டுக்கொடுத்தது என்று இன்றும் பேசுகிறார்கள். ஸ்பெயின் ஆதரவாளர்கள் நிரம்பிய அரங்கில் அயர்லாந்து 0-1 என்று தோற்றது.

● 1969 வரை குடியரசு அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்தது பயிற்சியாளர் அல்ல, ஒரு கமிட்டி. அந்த அதிகாரத்தோடு வந்த முதல் மேலாளர் மிக் மீகன்.

● ஸ்பெயினின் ரியல் பெட்டிஸ் கிளப் லா லீகா பட்டம் வென்றது ஒரே ஒரு முறை, 1935-ல். அப்போது பயிற்சியாளர் பேட்ரிக் ஓ'கானல் என்ற அயர்லாந்துக்காரர். 1914-ல் அயர்லாந்து முதன்முதலாகத் தனித்துப் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் ஆடியவர். பெட்டிஸுக்குப் பின் பார்சிலோனாவுக்குப் போனார். உள்நாட்டுப் போர் மூண்டு கிளப் மூடும் நிலைக்கு வந்தபோது, 1937-ல் அணியை மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் அழைத்துப்போனார். அந்தப் பயணத்தில் வந்த பணம்தான் பார்சிலோனாவைக் காப்பாற்றியது. அவரோ 1959-ல் லண்டனில் கையில் காசின்றி இறந்தார்.

'அந்நிய ஆட்டம்' ஆடாதே!

● அயர்லாந்தின் மண்ணின் விளையாட்டுகளான கேலிக் கால்பந்தையும் ஹர்லிங்கையும் நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம், 1971 வரை தன் உறுப்பினர்கள் 'அந்நிய ஆட்டங்களை' ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று தடை போட்டிருந்தது. அந்நிய ஆட்டம் என்றால் கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட்.

● இந்தத் தடையில் மாட்டிய பெரிய தலை நாட்டின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட். 1938 நவம்பரில் அயர்லாந்து, போலந்து கால்பந்து ஆட்டத்துக்கு அரசு மரியாதைக்காகப் போய் உட்கார்ந்திருந்தார். கேலிக் சங்கம் அடுத்த மாதமே அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கியது. ஐரிஷ் மொழியை மீட்க வாழ்நாளைச் செலவிட்டவர் என்பதெல்லாம் எடுபடவில்லை. அயர்லாந்து அந்த ஆட்டத்தை 3-2 என்று வென்றது என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம்.

● குடிசன் பார்க் நாயகன் கான் மார்ட்டின் 1941-ல் டப்ளினுக்காகக் கேலிக் கால்பந்து ஆடி லென்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றார். அவர் கால்பந்தும் ஆடுகிறார் என்று தெரிந்ததும் பதக்கத்தை நிறுத்திவைத்தார்கள். கைக்கு வந்தது தடை நீங்கிய 1971-ல், 30 ஆண்டு தாமதமாக. இடையில் அவர் அயர்லாந்துக்கு கோல்கீப்பராகவும் நின்றிருக்கிறார், கோலும் அடித்திருக்கிறார்.

● தடை நீங்கியதன் முதல் பலன் கெவின் மோரன். 1976, 1977 இரண்டு ஆண்டும் டப்ளின் கேலிக் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்றுவிட்டு மான்செஸ்டர் யுனைட்டெட் போனார். 1985-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள் என்ற பெயரும் அவருக்கே. பத்துப் பேராகக் குறைந்த யுனைட்டெடைக் கூடுதல் நேரத்தில் ஒரே கோலால் கரைசேர்த்தவர் நார்மன் வைட்சைட், பெல்ஃபாஸ்ட்காரர்.

● கேலிக் சங்கத்தின் கோட்டையான குரோக் பார்க்கில் கால்பந்து நுழைந்தது 2007 மார்ச் 24-ல். பழைய லேன்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்துக் கட்டிய காலம் அது. 72,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் வேல்ஸை எதிர்த்து அயர்லாந்து 1-0. அங்கே முதல் கால்பந்து கோல் போட்டவரின் பெயர் ஸ்டீஃபன் அயர்லாந்து!

● 1963-ல் மான்செஸ்டர் யுனைட்டெடின் கேப்டனாக எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய நோயல் கான்ட்வெல், அயர்லாந்துக்குக் கால்பந்தில் 36 முறை ஆடினார். கிரிக்கெட்டில் 5 முறை.

● கெவின், மிக் ஓ'ஃப்ளானகன் சகோதரர்கள் இருவருமே அயர்லாந்துக்காக ரக்பியும் ஆடினார்கள், கால்பந்தும் ஆடினார்கள். கெவின் தொழில்முறை மருத்துவர்; பின்னாளில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர்.

● பிரீமியர் லீகின் அதிவேக கோல் 7.69 விநாடியில் விழுந்தது. 2019 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனுக்காக அதை அடித்த ஷேன் லாங், சிறுவயதில் டிப்பரேரிக்காக ஹர்லிங் ஆடியவர்.

பாட்டி பிறந்த ஊர் எது?

● ஆட்டக்காரர் அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. தாத்தாவோ பாட்டியோ பிறந்திருந்தால் போதும். 1986-ல் பயிற்சியாளரான ஜாக் சார்ல்டன் இந்த வழியை அகலத் திறந்துவிட்டார். சார்ல்டனே இங்கிலாந்துக்காரர், 1966-ல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்றவர். அயர்லாந்து 1994-ல் அவரை டப்ளின் நகரின் கௌரவக் குடிமகனாக்கியது. 1996-ல் நாட்டின் குடியுரிமையையே கொடுத்தது.

● அயர்லாந்து முதல் பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது ஸ்காட்லாந்து தயவில். 1987 நவம்பரில் பல்கேரியா சோஃபியாவில் ஸ்காட்லாந்துடன் டிரா செய்தாலே யூரோ 1988-க்குப் போய்விடும் நிலை. முதன்முறையாக ஸ்காட்லாந்துச் சட்டை அணிந்த கேரி மெக்கே 87-வது நிமிடம் கோல் போட்டார். சும்மா இருந்த அயர்லாந்து உள்ளே போனது.

● போன இடத்தில் முதல் ஆட்டம் இங்கிலாந்துடன். ஆறாவது நிமிடம் ரே ஹவுட்டன் தலையால் முட்டிய பந்து கோல், அயர்லாந்து 1-0. ஆறு ஆண்டு கழித்து 1994 உலகக் கோப்பையில் இத்தாலியைச் சாய்த்த ஒரே கோலும் ஹவுட்டனுடையதுதான், 11-வது நிமிடம். அந்த உலகக் கோப்பையில் பெனால்டி ஷூட்அவுட் தவிர இத்தாலி தோற்ற ஒரே ஆட்டம் அது. ஹவுட்டன் பிறந்தது கிளாஸ்கோவில்.

● ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் உலகக் கோப்பைக் கால் இறுதிக்குப் போக முடியுமா? 1990-ல் அயர்லாந்து போனது. இங்கிலாந்து 1-1, எகிப்து 0-0, நெதர்லாந்து 1-1, ருமேனியா 0-0. ருமேனியாவை ஷூட்அவுட்டில் 5-4 என்று தாண்டியது. கால் இறுதியில் இத்தாலியிடம் 0-1. ஐந்து ஆட்டம், இரண்டு கோல், வெற்றி பூஜ்யம்.

● அந்தப் பிரிவில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமம். சீட்டுக் குலுக்கினார்கள். அயர்லாந்துக்கு இரண்டாமிடமும் ருமேனியாவும். நெதர்லாந்துக்கு மூன்றாமிடமும் மேற்கு ஜெர்மனியும். கோப்பையை வென்றது மேற்கு ஜெர்மனி.

● ருமேனியாவின் கடைசிப் பெனால்டியைத் தடுத்த பேக்கி பானர் அயர்லாந்துக்கு முதல் ஆட்டம் ஆடியது தன் 21-வது பிறந்தநாளில். அடுத்து வந்து வெற்றி கோலை அடித்தவர் டேவிட் ஓ'லியரி. சார்ல்டன் பல காலம் அணிக்கு வெளியே வைத்திருந்தவர்.

● 1994-ல் அயர்லாந்தின் பிரிவில் நான்கு அணிகளுக்கும் தலா 4 புள்ளி. நான்கு அணிகளுக்கும் கோல் வித்தியாசம் பூஜ்யம். உலகக் கோப்பையில் அப்படி ஒரு பட்டியல் அதுவரை வந்ததில்லை. அயர்லாந்து இரண்டாமிடம்.

● 2002-ல் கேப்டன் ராய் கீன் பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தியுடன் சண்டைபோட்டு, உலகக் கோப்பை தொடங்கும் முன்பே சாய்பன் தீவிலிருந்து வீடு திரும்பினார். நாடே இரண்டு கட்சியானது. அவர் இல்லாத அணி ஒரு ஆட்டத்திலும் (ஷூட்அவுட் நீங்கலாக) தோற்கவில்லை. ஜெர்மனிக்கு எதிராக 92-வது நிமிடம் ராபி கீன் போட்ட கோல், இறுதியாட்டம் வரை ஜெர்மனி வாங்கிய ஒரே கோல்.

● மூன்று உலகக் கோப்பைகளையும் கூட்டினால்: 13 ஆட்டம், 2 வெற்றி, 8 டிரா, 3 தோல்வி. அடித்த கோல் 10, வாங்கிய கோலும் 10. மூன்று முறையும் முதல் சுற்றைத் தாண்டியிருக்கிறார்கள். மெக்கிரமின் பெனால்டி 1990-ல் கைகொடுத்தது. 2002-ல் ஸ்பெயினுக்கு எதிரான ஷூட்அவுட்டில் காலை வாரியது.

● லண்டனில் பிறந்து, குழந்தையிலேயே டப்ளின் அனாதை விடுதிகளுக்கு வந்து சேர்ந்தவர் பால் மெக்ராத். தந்தை நைஜீரியர். முழங்கால்கள் தேய்ந்துபோய்ப் பயிற்சிக்குக்கூட ஒழுங்காக இறங்க முடியாத நிலையில், 1993-ல் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

வடக்கின் கணக்கு

● ஆண்கள் உலகக் கோப்பையில் ஆடிய மிக இளைய வீரர் பெலே அல்ல. 1982-ல் நார்மன் வைட்சைட் இறங்கியபோது வயது 17 ஆண்டு 41 நாள். மூன்றே ஆண்டில் எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த அதே வைட்சைட்.

● அந்த உலகக் கோப்பையில் போட்டியை நடத்திய ஸ்பெயினை வலென்சியாவில் 1-0 என்று வென்று வட அயர்லாந்து பிரிவில் முதலிடம் பிடித்தது. கோல், கெரி ஆர்ம்ஸ்ட்ராங். கடைசி அரை மணி நேரம் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்தார்கள்.

● இத்தாலிக்கு வட அயர்லாந்து என்றால் கொஞ்சம் உதறல். 1958 ஜனவரியில் பெல்ஃபாஸ்டில் 1-2 என்று தோற்று உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. 2021 நவம்பரில் அதே பெல்ஃபாஸ்டில் 0-0. பிரிவில் முதலிடம் நழுவி, பிளே-ஆஃபில் வட மாசிடோனியாவிடம் விழுந்து, 2022 உலகக் கோப்பைக்கும் இத்தாலி போகவில்லை.

● 1958 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைட்டெட் அணி சிக்கிய மியூனிக் விமான விபத்தில், எரியும் விமானத்துக்குள் திரும்பப் போய்ப் பச்சைக் குழந்தையையும் அதன் தாயையும் சக வீரர்களையும் மீட்டவர் ஹாரி கிரெக். அதே ஆண்டு உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பர் அவர். வட அயர்லாந்து கால் இறுதி வரை போனது. அந்த விபத்தில் இறந்தவர்களில் ஒருவர் டப்ளின் பையன் லியம் வீலன், வயது 22. முந்தைய சீசனில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்காக லீகில் 26 கோல் அடித்தவர். அவர் பிறந்த கேப்ரா பகுதியில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர்.

● கோல்கீப்பர் பேட் ஜென்னிங்ஸின் கடைசி சர்வதேச ஆட்டம் 1986 உலகக் கோப்பையில் பிரேசிலுடன். அது அவருடைய 119-வது ஆட்டம், 41-வது பிறந்தநாளும்கூட. 1967-ல் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராகத் தன் கோல் பகுதியிலிருந்தே உதைத்து ஒரு கோலும் போட்டிருக்கிறார்.

● 1968-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கிய ஜார்ஜ் பெஸ்ட் உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. பெல்ஃபாஸ்டில் ஒரு விமான நிலையம் அவர் பெயரில் இருக்கிறது.

● இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நூறாண்டாக ஆடிவந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி 1984-ல் நின்றுபோனது. கடைசியாக வென்றது வட அயர்லாந்து. கோப்பை நிரந்தரமாக பெல்ஃபாஸ்டிலேயே தங்கிவிட்டது.

● யூரோ 2008 தகுதிச் சுற்றில் டேவிட் ஹீலி 13 கோல் அடித்தார். அப்போது அது சாதனை. ஸ்பெயினுக்கு எதிராக ஹாட்ரிக் அதில் சேர்த்தி. அணி தகுதி பெறவில்லை.

● யூரோ 2016-ல் பிரான்ஸ் முழுக்க ஒலித்த ரசிகர் பாட்டு வில் கிரிக் என்ற வட அயர்லாந்து வீரரைப் பற்றியது. அந்தப் போட்டியில் அவரை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. பாடியும் பழகியும் ஊரைக் கவர்ந்த இரண்டு அயர்லாந்துகளின் ரசிகர்களுக்கும் பாரிஸ் நகரம் பதக்கம் அறிவித்தது.

எண்ணும் வம்பும்

● குடியரசுக்கு அதிக ஆட்டம், அதிக கோல் இரண்டும் ராபி கீன்: 146 ஆட்டம், 68 கோல். அவருக்கு அடுத்தபடி கோல் எண்ணிக்கையில் நிற்பவர் நயல் குவின், 21. 1998 முதல் 2016 வரை கீன் கோல் போடாத ஆண்டே இல்லை. கடைசி ஆட்டத்திலும் ஓமானுக்கு எதிராக ஒன்று.

● நயல் குவின் 1991-ல் மான்செஸ்டர் சிட்டிக்காக ஒரே ஆட்டத்தில் கோல் அடித்தார், பிறகு கோல்கீப்பர் வெளியேற்றப்பட்டதால் கையுறை மாட்டிக்கொண்டு பெனால்டியும் தடுத்தார். 2002-ல் தன் கௌரவ ஆட்டத்தில் வசூலான பத்து லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்.

● குடியரசின் மிகப் பெரிய வெற்றி: 1983-ல் மால்டாவை 8-0. மிகப் பெரிய தோல்வி: 1982-ல் பிரேசிலிடம் 0-7. வெட்கப்பட வைத்த டிரா: 1995-ல் லீக்டன்ஸ்டைனுடன் 0-0. அந்தத் தகுதிச் சுற்றில் லீக்டன்ஸ்டைன் எடுத்த ஒரே புள்ளி அது.

● 2009 நவம்பரில் பாரிஸில் தியரி ஆன்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுக்க, பிரான்ஸ் கோல் போட்டு உலகக் கோப்பைக்குப் போனது. அயர்லாந்து சங்கம் வழக்கு போடாமல் இருக்க ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது 2015-ல்தான் வெளியே தெரிந்தது.

● ஆண்கள் சர்வதேசக் கால்பந்தில் அதிக கோல் என்ற சாதனையை ரொனால்டோ கைப்பற்றியது 2021 செப்டம்பரில் அயர்லாந்துக்கு எதிராகத்தான், கடைசி நிமிடங்களில் இரண்டு ஹெடர். அதே ஆட்டத்தில் அவருடைய பெனால்டியைத் தடுத்தவர் 19 வயது கேவின் பசுனு. 2025 நவம்பரில் டப்ளின் கணக்கைத் தீர்த்தது: போர்ச்சுகலுக்கு 0-2 தோல்வி, ரொனால்டோவுக்கு நாட்டுக்காக ஆடியதில் முதல் சிவப்பு அட்டை.

● அந்த இரண்டு கோலும் டிராய் பேரட். மூன்று நாள் கழித்து புடாபெஸ்டில் ஹங்கேரிக்கு எதிராக அவரே ஹாட்ரிக். 96-வது நிமிடத்தில் விழுந்த மூன்றாவது கோலால் அயர்லாந்து 3-2 என்று வென்று பிளே-ஆஃபுக்குப் போனது.

பெண்கள் அணி

● 2017-ல் தேசிய அணிப் பெண்கள் டப்ளினில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பயணத்துக்குக் கொடுக்கும் டிராக்சூட்டை விமான நிலையக் கழிப்பறையில் மாற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று போட்டுடைத்தார்கள். 2021-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஊதியம் என்றானது. அதே ஆண்டு ஜார்ஜியாவை 11-0 என்று வென்றார்கள். ஆண்களின் 8-0 பின்னுக்குப் போனது.

● ஸ்டெஃபனி ரோச் 2013-ல் உள்ளூர் லீகில் அடித்த கோல், உலகின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதில் இரண்டாமிடம் பெற்றது. முதலிடம் ஹாமெஸ் ரோட்ரிகஸ். முதல் மூன்றுக்குள் வந்த முதல் பெண் ரோச்.

● 2022 அக்டோபரில் டோனிகால் மாவட்டம் கிரீஸ்லோ கிராமத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துப் பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து ஸ்காட்லாந்தில் கோல் போட்டு அயர்லாந்தை முதல் பெண்கள் உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனவர் ஆம்பர் பேரட், அதே மாவட்டத்துப் பெண். கோல் விழுந்ததும் கையிலிருந்த கறுப்புப் பட்டையை முத்தமிட்டார்.

● 2023-ல் உலகக் கோப்பையில் அயர்லாந்துப் பெண்களின் முதல் கோல், கேப்டன் கேட்டி மெக்கேப் கார்னரிலிருந்து உதைத்து நேராக உள்ளே போன பந்து.

நம்ம ஊர்ப் பக்கம்

● ராபி கீன் 2017-18 ஐ.எஸ்.எல். சீசனில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு ஆடினார். சீசன் முடிவில் அவரே ஆட்டக்காரர், அவரே பயிற்சியாளர்.

● சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் நன்கறிந்த பயிற்சியாளர் ஓவன் கோய்ல் அயர்லாந்து வீரர்தான் என்பது பலருக்குத் தெரியாது. பிறந்தது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி, குடும்ப வேர் டோனிகால். 1994 ஏப்ரலில் நெதர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார், அயர்லாந்து 1-0. அதுதான் அவருடைய முதல் சர்வதேச ஆட்டம், கடைசியும் அதுவே. 2019 டிசம்பரில் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த சென்னையினைக் கையிலெடுத்து, சில மாதத்தில் இறுதியாட்டத்துக்கே கொண்டுபோனார். 2020 மார்ச்சில் கோவாவில், கொரோனாவால் பார்வையாளர் இல்லாத அரங்கில், ஏ.டி.கே.யிடம் 1-3 தோல்வி. பிறகு ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்துவிட்டு 2023-ல் மறுபடி சென்னைக்கு வந்தார். அடுத்த முறை யாராவது 'அயர்லாந்து அணிக்கு ஆடியவர் தமிழ்நாட்டில் வேலை பார்த்திருக்கிறாரா?' என்று வினாடி வினாவில் மடக்கினால், பதில் உங்கள் கையில்.